தகவலாளர் எண் நான்கு

என் கடையில் மீன் வைக்கிற குளிர்பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் ஒடுங்கி நிற்கிற அளவு சந்து இருக்கிறது. லாஸ் கார்ஸாஸ் ஊரில் கைபேசிக்கு ஒழுங்காகச் சிக்னல் கிடைக்கிற இடம் அது ஒன்றுதான். ஆகவே எங்கள் ஊரில் தொலைதூரக் கல்வியில் படித்தவர்கள் எல்லாருமே என் குளிர்பெட்டி மேல் சாய்ந்துதான் படித்தார்கள். அதன் மூடி ஒரு பக்கமாக இறங்கிப் போனதற்கு எந்தப் பல்கலைக்கழகமும் எனக்குப் பதில் சொல்லவில்லை.

அதிகமாகச் சாய்ந்தவள் ஸீனியா ஒபாந்தோ. பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தில் அவள்தான் சமையல். அவள் மகளுக்கு நான் ஞானத்தாய். அதனால் என்னை "கோமாத்ரே" என்று கூப்பிடுவாள், நானும் அந்த உரிமையில் அவளைத் திட்டுவேன். கறுப்பு அவரை வேகிற நேரத்தில் படிப்பாள், சோறு வடிகிற நேரத்தில் எழுதுவாள். அவளுடைய பாடப் புத்தகங்களைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் சமையல் சாயத்தின் சிவப்பு விரல் ரேகை இருக்கும். கொத்தமல்லி வாசம் வேறு.

ஆரம்பப் பள்ளி ஆசிரியை ஆக வேண்டும் என்பது அவள் ஆசை. வருடக் கணக்காக ஒவ்வொரு பாடமாகத் தாண்டி, கடைசியில் ஒரே ஒரு பாடம் மிச்சம் இருந்தது: சொந்த ஊரைப் பற்றி ஓர் ஆய்வு எழுதி, அதை ஆசிரியர் முன்னால் நின்று விளக்க வேண்டும். பிப்ரவரியில் பள்ளி திறக்கும்போது முதல் வகுப்புக்கு ஆள் தேவை. பட்டத்தோடு வந்தால் இடம் அவளுக்குத்தான் என்று தலைமை ஆசிரியை சொல்லியிருந்தாள். வராவிட்டால் தலைநகரிலிருந்து யாரையாவது அனுப்புவார்கள், அந்த யாரோ கொசுவுக்குப் பயந்து ஈஸ்டருக்குள் ஊர் திரும்பிவிடுவார். எங்கள் பிள்ளைகள் மறுபடி ஆசிரியை இல்லாமல் பந்து விளையாடிக்கொண்டிருப்பார்கள். இதுதான் வழக்கம்.

தொலைதூரப் படிப்பில் பாடம் கடினம் என்று நினைத்தால் அது தப்பு. பாடம் புத்தகத்தில் இருக்கிறது. புத்தகம் படகில் வந்துவிடுகிறது. கிடைக்காதது மற்ற விஷயங்கள். கேள்வியில் "விவாதிக்க" என்றால் எத்தனை பக்கம்? தேர்வு பழைய கட்டடத்திலா, புதியதிலா? இந்த ஆசிரியர் கோபக்காரரா? கடல் கொந்தளித்துப் படகு வராவிட்டால் மறுதேர்வு உண்டா? இதெல்லாம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? ஆகவே எல்லாரும் கைபேசிக் குழுவில் கேட்பார்கள், குழுவில் இருப்பவர்களும் தெரியாமல்தான் பதில் சொல்வார்கள். ஒரு தடவை தேர்வு தள்ளிப்போய்விட்டது என்று யாரோ கிளப்பிவிட, பாதிப் பேர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். ஸீனியா மட்டும் போய் எழுதிவிட்டு வந்தாள். அவள் கெட்டிக்காரி என்பதால் இல்லை. அன்று நான் அந்தச் சந்தில் நின்று மீன் கழுவிக்கொண்டிருந்தேன், அவளுக்கு அந்தச் செய்தி வந்து சேரவே இல்லை.

அவள் எடுத்த தலைப்பு, எங்கள் பிள்ளைகள் ஆறாம் வகுப்போடு ஏன் நின்றுவிடுகிறார்கள் என்பது. காரணம் எங்களுக்கெல்லாம் தெரியும். உயர்நிலைப் பள்ளி பியெத்ராஸ் ஆற்றுக்கு அந்தப் பக்கம். பாலம் கிடையாது. மழைக்காலம் வந்தால் ஆறு இடுப்பளவு, சில நாள் கழுத்தளவு. நனைந்து நனைந்து போய், காய்ச்சலில் படுத்து, பிள்ளை ஒரு நாள் "போகல" என்று சொல்லும், தாயும் சரி என்பாள். என் ஞானமகளை அதற்காகவே வளைகுடாவுக்கு அக்கரையில் இருக்கிற டவுனில், அவள் சித்தி வீட்டில் விட்டிருக்கிறோம். ஸீனியா வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதி அனுப்பினாள். ஆசிரியர் உமாஞ்யா திருப்பி அனுப்பிவிட்டார். நன்றாக இருக்கிறது, ஆனால் இதே விஷயத்தில் முன்பு எழுதப்பட்டவற்றைப் படித்தீர்களா, நூலகத்துக்குப் போனீர்களா என்று கேட்டிருந்தார்.

"நூலகமா?" என்றாள் ஸீனியா, குளிர்பெட்டி மேல் சாய்ந்தபடியே. "எங்க இருக்கு அது?"

நூலகம் டவுனில், பல்கலைக்கழகக் கிளைக் கட்டடத்திலேயே இருக்கிறது. இத்தனை வருடம் அதே கட்டடத்தில் தேர்வு எழுதியவள் கேட்கிற கேள்வியைப் பாருங்கள்.

மறு வாரம் எனக்கும் டவுனில் சாமான் வாங்க வேண்டியிருந்தது. இரண்டு பேரும் வளைகுடாவைத் தாண்டிப் போனோம். நூலகம், அவள் ஒவ்வொரு தேர்வுக்கும் முன்னால் கை கழுவுகிற குழாய்க்கு நேர் எதிர்க் கதவு. எப்போதும் சாத்தியே இருந்ததால் அதிகாரிகள் அறை என்று நினைத்திருந்தாளாம். தட்டினோம். நூலகர் மரியேலோஸ் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"தட்ட வேண்டாங்க, தள்ளிட்டு வாங்க. ஏசி போட்டிருக்கேன், அதான் சாத்தி வச்சிருக்கு. ஈரம் பட்டா புத்தகமெல்லாம் பூசணம் பூத்துடும்."

"திறந்திருக்குன்னு ஒரு தாள் எழுதி ஒட்டியிருக்கலாமே?" என்றேன் நான்.

"ஒட்டியிருக்கேனே."

தாள் கதவின் உள்பக்கம் இருந்தது.

"வெளில ஒட்டினா மழையில உரிஞ்சு வந்துடுது, அதான்" என்றாள் மரியேலோஸ், கொஞ்சமும் சிரிக்காமல்.

நல்ல பெண். ஆள் வராத இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து, வந்தவர்களை விட மனசில்லை அவளுக்கு. எங்களுக்குக் காபி ஊற்றினாள், நாங்கள் குடிக்கும்போது "இங்க காபி குடிக்கக் கூடாது" என்றும் சொன்னாள். கணினியில் எங்கள் ஊர்ப் பெயரைத் தட்டினாள்.

"எங்க ஊரைப் பத்தி யார் எழுதப் போறாங்க?" என்றாள் ஸீனியா.

"ஒண்ணு இருக்கு" என்றாள் மரியேலோஸ்.

பழுப்பு அட்டை போட்ட தடித்த ஆய்வேடு. தலைநகரில் ஏதோ ஒரு பல்கலைக்கழகத்துக்காக எழுதி, ஒரு பிரதியை இங்கே கொடுத்திருக்கிறார்கள். தலைப்பு: "கடலோரச் சிற்றூரொன்றில் பள்ளி இடைநிற்றலின் சடங்கு வேர்கள்". எழுதியவன் பெயரைப் பார்த்ததும் எனக்கு ஆள் ஞாபகம் வந்துவிட்டது. மௌரீசியோ. ஒல்லி, தாடி, தோளில் ஒலிப்பதிவுக் கருவி. கொஞ்ச நாள் எங்கள் ஊரில் தங்கி, கண்டதையும் கேட்டு, கொடுத்ததையெல்லாம் சாப்பிட்டுவிட்டுப் போனான். ரொம்ப நாள் ஆகிவிட்டது, அப்போது ஸீனியாவுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட இருக்காது.

மூன்றாம் அத்தியாயத்தைப் பிரித்தேன். "நண்டுத் தேர்வு" என்று தலைப்பு. முதல் மழைக்கு மலையிலிருந்து சிவப்பு நண்டுகள் கடலை நோக்கி இறங்குமாம், இதுவரை நிஜம். அப்போது ஆறாம் வகுப்பு முடித்த பிள்ளைகளை வெறுங்காலோடு வரிசையாக நிற்க வைப்பார்களாம். நண்டு யார் காலைக் கடிக்கிறதோ அந்தப் பிள்ளை மேலே படிக்கக் கூடாது, கடலுக்குப் போக வேண்டும் என்பது முன்னோர் விதியாம். அதனால்தான் லாஸ் கார்ஸாஸில் இடைநிற்றல் அதிகமாம். அடியில் மேற்கோள், படம், அம்புக்குறி எல்லாம்.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். மரியேலோஸ் உதட்டில் விரல் வைத்தாள், அறையில் எங்களைத் தவிர ஈ காக்கை இல்லை.

எங்கள் ஊரில் வெளியூர்க்காரன் வந்து கேள்வி கேட்டால் அவன் காதில் பூச்சுற்றாமல் அனுப்புவது விருந்தோம்பலில் குறை. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவன் கண்டுபிடித்துவிட்டுச் சிரிப்பான், அதற்குப் பிறகு நிஜத்தைச் சொல்வோம், சேர்ந்து குடிப்போம், அதுதான் முறை. இந்தப் பாவி கண்டுபிடிக்கவே இல்லை. கேட்டதையெல்லாம் எழுதிக்கொண்டு போய் அட்டை போட்டுவிட்டான்.

"கோமாத்ரே" என்றாள் ஸீனியா. அவள் கடைசிப் பக்கங்களில் இருந்தாள். அங்கே அவன் பதிவு செய்த பேச்சையெல்லாம் சொல்லுக்குச் சொல் எழுதி வைத்திருந்தான், பெயர் மட்டும் போடாமல். "தகவலாளர் எண் நான்கு. ஆண். மீனவர். அண்மையில் மணமானவர்."

அதற்குக் கீழே:

"எழுதிக்கிட்டீங்களா? மெதுவாவே சொல்றேன், அவசரமில்ல. எங்க அம்மா மேல சத்தியமா, அந்த நண்டு வாத்தியாரை விடக் கண்டிப்பானது. (சிரிக்கிறார்.) இந்தக் காபியில சர்க்கரை போட்டீங்களா, போடுறேன்னு சொன்னீங்களா?"

அதிலியோ. ஸீனியாவின் புருஷன். சத்தியமாக வேறு யாரும் அப்படிப் பேச மாட்டார்கள். அவன் மார்வலியில் விழுந்து போன பிறகு அவள் வீட்டில் அவனுடைய போட்டோ உண்டு, வலை உண்டு, குரல் கிடையாது. அப்போது எங்களிடம் பதிவு செய்கிற கைபேசி ஏது? இங்கே ஒரு தாடிக்காரன் அவன் மூச்சு விட்டதுவரை எழுதி வைத்திருக்கிறான். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஸீனியா அந்தப் பக்கங்களை மெல்ல வாசித்துக்கொண்டே போனாள், நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வந்த வினை இதுதான். உமாஞ்யா வாரத்தில் ஒரு சாயங்காலம் போனில் கிடைப்பார். ஸீனியா சந்தில் நின்று பேசினாள், நான் மீன் நறுக்குகிற சாக்கில் பக்கத்திலேயே நின்றேன். மனுஷர் கெட்டவர் இல்லை. "அருமையான ஆதாரம் கிடைச்சிருக்கே" என்று சந்தோஷப்பட்டார். "ஆனா நீங்க ஆறுன்னு சொல்றீங்க, அச்சில இருக்கிறது நண்டுன்னு சொல்லுது. ஒண்ணு அதோட ஒத்துப்போங்க, இல்ல அது தப்புன்னு காட்டுங்க. காட்டாம விட்டா என்னால தேர்ச்சி போட முடியாதும்மா."

அவள் போனை வைத்ததும் கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஊர் முழுக்க விஷயம் பரவியிருந்தது.

"அந்தத் தாடிக்காரனா? நான் அவனுக்கு முதலை கதை சொன்னேன், ரொம்ப நல்ல கதை" என்றார் கிழவர் செஃபெரினோ. "அது வந்திருக்கா?"

"வரலை, பெரியவரே."

"நண்டு வந்திருக்கு, முதலை வரலையா? அதிலியோவுக்கு எப்பவும் அதிர்ஷ்டந்தான்." அவருக்கு நிஜமாகவே மனத்தாங்கல்.

எல்லாரும் போன பிறகு ஸீனியாவிடம் சொன்னேன், "நண்டுன்னே எழுதித் தள்ளு. வாத்தியார் கேக்கறதைக் கொடுத்துட்டுப் பட்டத்தை வாங்கு. பிப்ரவரியில வகுப்புக்குப் போ."

"நண்டுன்னு எழுதினா நாளைக்கு எவனாவது அதிகாரி, இவங்க வழக்கமே அப்படித்தான், பாலம் எதுக்குன்னு சொல்லுவான்."

"அப்ப அதிலியோ கயிறு திரிச்சான்னு எழுது. ஊருக்கே தெரிஞ்ச விஷயந்தானே?"

"நீங்க எழுதுவீங்களா?" என்றாள். கோபம் வந்திருந்தது அவளுக்கு. "உங்க புருஷன் பொய்யருன்னு உங்க கையால எழுதி, அட்டை போட்டு, அவர் பேசினதுக்குப் பக்கத்திலேயே அலமாரில வைப்பீங்களா? அவர் போனதுக்கப்புறம் அவரைப் பத்தி எழுதப் போற ஒரே விஷயம் அதுதானா?"

என் புருஷனைப் பற்றி ஒரு அலமாரி நிறைய எழுதலாம், ஆனால் அது இங்கே பேச்சில்லை. அவள் சாப்பாட்டுக்கூடத்துக்குத் திரும்பிப் போனாள். அந்த வாரம் முழுக்க பிள்ளைகளுக்குச் சோறு குழைந்தே வந்தது என்று கேள்விப்பட்டேன்.

வாய்மொழித் தேர்வு நாள் வந்தது. ஊரார் வந்து கேட்கலாம் என்று விதி இருக்கிறது, அதனால் நான் போனேன். முதலையைப் பற்றி யாராவது கேட்டால் பதில் சொல்லத் தயாராகச் செஃபெரினோவும் வந்தார். ஏசி இருப்பதால் நூலகத்திலேயே நாற்காலி போட்டிருந்தார்கள். அவள் என்ன எழுதி அனுப்பினாள் என்று என்னிடம்கூடச் சொல்லவில்லை. வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்டது.

ஆற்றைப் பற்றிச் சொன்னாள், மழை மாதங்களில் வருகை எப்படி விழுகிறது என்று சொன்னாள், எல்லாம் தெளிவாகச் சொன்னாள். உமாஞ்யா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, எதிர்பார்த்த கேள்வியைக் கேட்டார்.

"முந்தைய ஆய்வில தகவலாளர் நான்கு சொன்னது உண்மையில்லைன்னு எழுதியிருக்கீங்க. அடிக்குறிப்புல 'தனிப்பட்ட அறிவு'ன்னு மட்டும் போட்டிருக்கு. இது எப்படிம்மா ஆதாரமாகும்?"

"அவர் என் புருஷன் சார்."

உமாஞ்யா கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"அவர் பொய் சொல்லணும்னா அம்மா மேல சத்தியம் பண்ணிட்டுத்தான் ஆரம்பிப்பார்" என்றாள் ஸீனியா. "அவங்கம்மாவே அவரை அதுக்கு அடிச்சிருக்காங்க. நிஜம் சொல்றப்ப சத்தியம் பண்ண மாட்டார், குரலும் இறங்கிடும். இந்தப் பேச்சுல நண்டுத் தேர்வு வர்ற எடமெல்லாம் சத்தியம் இருக்கு, நீங்களே பாருங்க. ஊர்ல யாரை வேணா கேளுங்க."

"நான் சாட்சி" என்று பின்னாலிருந்து செஃபெரினோ கையைத் தூக்கினார். உட்காருங்கள் என்று நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"அப்ப அவர் சொன்னது முழுக்கப் பொய்தானா?" என்றார் உமாஞ்யா.

ஸீனியா ஆய்வேட்டைப் பிரித்தாள். பக்கம் தேடவில்லை, நேராக அங்கேயே பிரிந்தது.

"ஒரு எடம் நிஜம் சார். உங்களைக் கடிச்சுதா நண்டுன்னு அந்தத் தம்பி கேக்கறார். அதுக்கு இவர்..." என்று நிறுத்தி, அவனுடைய குரலிலேயே படித்தாள், அவனைப் போலவே சொல்லை இழுத்து. "'என்னை விடுங்க, எனக்குப் படிப்பு ஏறாது. எங்க வீட்டுக்காரிய நினைச்சாத்தான். அவ வாத்தியாரம்மா ஆக வேண்டியவ. அவளைத்தான் அந்த நண்டு ஆள் தெரியாமக் கடிச்சிருச்சு. எனக்கு எப்பவாவது கையில நாலு காசு சேர்ந்தா அவளைப் படிக்க வைப்பேன். இதை எழுதாதீங்க.'"

மரியேலோஸ் எழுந்து போய் ஏசியைக் குறைத்தாள். குறைக்கத் தேவையே இல்லை.

"இதுல சத்தியம் இல்ல பாருங்க" என்றாள் ஸீனியா. "என்கிட்ட ஒரு நாள்கூட இதை அவர் சொன்னதில்ல. நானாத்தான் பேர் கொடுத்துப் படிக்க ஆரம்பிச்சேன், அவர் போன பிறகு."

உமாஞ்யா குனிந்து எழுதினார். பிறகு அடிக்குறிப்பைத் திருத்தச் சொன்னார்: "தனிப்பட்ட அறிவு" போதாது, "ஆய்வாளர் தகவலாளரின் மனைவி" என்று போட வேண்டும். அதைப் போட்டால் தேர்ச்சி. நான் அங்கேயே அழுதேன், செஃபெரினோவும் அழுதார், கேட்டால் ஏசிக் குளிர் என்கிறார்.

பிப்ரவரியில் ஸீனியா முதல் வகுப்புக்குப் போய்விட்டாள். சாப்பாட்டுக்கூடத்தில் வேறு ஆள். சோறு பரவாயில்லை. பட்டம் வாங்கியாயிற்று, இனி என் குளிர்பெட்டிக்கு விடுதலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மார்ச்சில் ஒரு சாயங்காலம் பார்க்கிறேன், அதே சந்தில் அதே சாய்வில் நின்று போனில் பாடப் பட்டியலைத் தள்ளிக்கொண்டிருக்கிறாள்.

"மறுபடியுமா? என்னத்தைப் படிக்கப் போறே?"

"இன்னும் முடிவு பண்ணல, கோமாத்ரே. பள்ளி நிர்வாகம், இல்லேன்னா தோட்டக்கலை. எதுவா இருந்தா என்ன?"

"எதுவா இருந்தா என்னவா? தோட்டக்கலை படிச்சு எங்க தோட்டம் போடப் போறே, கடல்லயா?"

"மாணவியா இல்லேன்னா நூலக அட்டை செல்லாதாம். அந்த ஏட்டை அட்டை இருக்கறவங்களுக்குத்தான் எடுத்துக் கொடுப்பாங்களாம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது, சனிக்கிழமைதோறும் இவள் மகளைப் பார்க்கப் போகிறேன் என்று படகேறுகிறாளே, அது எதற்கு என்று.

"அட பைத்தியமே, மரியேலோஸ்கிட்ட சொல்லி நகல் எடுத்துக்க வேண்டியதுதானே? நாலு பக்கம்."

"அவங்களே எடுத்துத் தர்றேன்னாங்க. நாந்தான் வேணாம்னுட்டேன்." போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "வீட்ல இருந்தா தினமும் படிச்சுப் படிச்சு மனப்பாடம் ஆயிடும். மனப்பாடம் ஆயிட்டா அப்புறம் அவர் பேச மாட்டார், நான்தான் பேசிக்கிட்டிருப்பேன். அங்க போய்ப் படிச்சா, சர்க்கரை போட்டீங்களான்னு அவர் கேக்கறப்ப இன்னும் சிரிப்பு வருது."

நான் மீனைப் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. அவளை நகரச் சொல்லவில்லை. தோட்டக்கலைக்கே பேர் கொடுத்தாள், அதுதான் எல்லாவற்றிலும் நீளமான படிப்பு.